பிளானர் காத்திருந்த அரை நூற்றாண்டு

பழைய ரோலிஃபிளெக்ஸ் ஒளிப்படக் கருவிகளில் ஈடுபாடுடையோரிடையே ஒரு வினா ஓயாது எழுவதுண்டு: டெஸ்ஸார் லென்ஸ் சிறந்ததா, பிளானர் லென்ஸ் சிறந்ததா? டெஸ்ஸார் பழையது, எளியது. பிளானர் புதியது, உயர்ந்தது என்பதே பலரும் தரும் விடை. வரலாறு காட்டுவது வேறு. இரண்டையும் ஜெர்மனியின் யேனா நகரில், கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பவுல் ருடால்ஃபே உருவாக்கினார். பிளானர் பிறந்தது 1896இல், டெஸ்ஸார் 1902இல். அண்ணன் எனக் கருதப்படும் டெஸ்ஸாரே தம்பி.

மூத்தது ஏன் பின்தங்கியது? முதற்பிளானரில் ஆறு கண்ணாடி வில்லைகள் நான்கு தொகுதிகளாக அமைந்திருந்தன; காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். எட்டையும் கடந்து செல்வது நூற்றில் 72 பங்கே. இழப்பு மட்டுமெனில் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பிய ஒளி மீண்டும் எதிரொளித்துப் படச்சுருளில் விழுந்து, கருமையை வெளிறச் செய்ததே பெருந்தொல்லை. எட்டுப் பரப்புகளுக்கிடையே ஒளி இவ்வாறு இருமுறை எதிரொளிக்கும் வழிகள் 28. டெஸ்ஸாரில் வில்லைகள் நான்கே (அதன் பெயரும் ‘நான்கு’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே). பின்னிரண்டும் ஒட்டப்பட்டிருந்ததால் பரப்புகள் ஆறு; வழிகள் 15. படத்தின் ஓரக்கூர்மை சற்றுக் குறையினும் கறுப்பு கறுப்பாகவே நின்றது. 1929இல் பிரவுன்ஷ்வைக் நகரின் ஃபிராங்கே, ஹைடெக்கே நிறுவனத்தார் ரோலிஃபிளெக்ஸை வெளியிட்டபோது, படமெடுக்கும் லென்ஸாக அமைந்தது டெஸ்ஸாரே.

நிலைமையை மாற்றியது ஒரு மென்படலம். 1935இல் சைஸ் நிறுவனத்தின் இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சினை உருவாக்கினார். போருக்குப்பின் அப்பூச்சு பரவலாயிற்று. 1950களில் ஐந்து வில்லைகளாகத் திருத்தியமைக்கப்பட்ட பிளானர் ரோலிஃபிளெக்ஸில் இடம்பெற்றது.

ஆகவே 1930களின் பூச்சற்ற டெஸ்ஸாரையும் 1950களின் பிளானரையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர், பெரிதும் பூச்சையே ஒப்பிடுகின்றனர். 1958இல் வந்த ரோலிஃபிளெக்ஸ் டி கருவியின் டெஸ்ஸாருக்குப் பூச்சு உண்டு. பிளானருக்கு எதிரே நிறுத்தத்தக்கது அதுவே. ஒளித்துளையை 3.5 அளவில் முழுதும் திறந்தால், ஓரங்களில் பிளானர் தெளிவாக முந்தும். 8 அளவிற்குச் சுருக்கியபின் வேறுபாட்டைத் தேட உருப்பெருக்கி வேண்டும்.