நடிகர் பட்டியலில் அடிக்கப்பட்ட பெயர்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு நாடகத்தில் எனக்கு வேடம் கிடைத்தது. திறமையால் இல்லை. அந்த வேடத்துக்கு இருந்த நண்பனுக்கு மஞ்சள் காமாலை. “ஒத்திகைக்குத் தினமும் வந்து ஓரமா உக்காந்திருந்தீல்ல, வசனம் உனக்குத் தெரியும், நீயே ஏறிடு” என்றார் இயக்கிய அண்ணன். துண்டறிக்கை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் அவன் பெயரைப் பேனாவால் அடித்து, என் பெயரை எழுதினோம். அடித்த பிறகும் அவன் பெயர் நன்றாகவே வாசிக்கக் கிடைத்தது. மூன்று வாரத்தில் அவன் குணமாகி வந்து, நான் நடித்ததைக் கிண்டலடித்தான். அவ்வளவுதான் கதை.

பல வருடங்கள் கழித்து, தென்னாப்பிரிக்காவின் ஒரு சிறு நாடகக் குழுவைப் பற்றி வாசித்தபோது அந்தத் தாள்கள் ஞாபகம் வந்தன. அங்கேயும் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் மேடை ஏறினார். வராமல் போனவர் இருந்த இடம் ராபன் தீவுச் சிறை.

போர்ட் எலிசபெத் என்ற துறைமுக நகரத்தின் ஓரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு நியூ பிரைட்டன். 1963இல் அங்கிருந்து சிலர் அதோல் ஃப்யூகார்ட் என்ற வெள்ளை இன நாடகாசிரியரின் வீட்டுக்கு வந்தார்கள். நாடகம் போட வேண்டும், நீங்கள் உதவ வேண்டும் என்பதுதான் கோரிக்கை. முன்னால் நின்றவர் நார்மன் நிட்ஷிங்கா. யாரும் தொழில்முறை நடிகர் இல்லை. பகலில் வேலை பார்த்து, இரவில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். நம்ம ஊர் சபா நாடகக்காரர்களும் மன்றத்து நாடகக்காரர்களும் அப்படித்தானே இருந்தார்கள்?

முதல் நாடகம் மாக்கியவெல்லியின் நகைச்சுவை ஒன்றின் தழுவல். மேடை என்று கிடைத்தது அருங்காட்சியகத்தில் முன்பு பாம்புகளை வைத்திருந்த ஒரு குழி. அதனால் குழுவின் பெயரே ‘சர்ப்பென்ட் பிளேயர்ஸ்’ ஆகிவிட்டது. அடுத்தடுத்து புஷ்னர், பிரெக்ட், சோபோக்ளிஸ். இந்தப் பட்டியலைப் பார்த்து, ‘வெள்ளைக்கார இயக்குநர் ஐரோப்பிய நாடகங்களைத் தலையில் கட்டிவிட்டார்’ என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ‘ஆன்டிகனி’ விஷயத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தபிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை.

காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டு 69 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட அமைப்பில் இருந்ததாகச் சொல்லி வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்புவது வழக்கமானது. போர்ட் எலிசபெத் வட்டாரத்தில் அந்தக் கைதுகள் மிக அதிகம். 1965இல் இன்னொரு ஆணையும் வந்தது: வெவ்வேறு இனத்தவர் சேர்ந்து நடிப்பதும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதும் அனுமதி இல்லாமல் கூடாது.

அதே 1965இல்தான் இவர்கள் ‘ஆன்டிகனி’யை எடுத்தார்கள். கதை பலருக்கும் தெரிந்ததே. அண்ணனின் உடலைப் புதைக்கக் கூடாது என்று அரசன் கிரியான் ஆணையிடுகிறான். தங்கை மீறுகிறாள். அவளை உயிரோடு கல்லறைக்குள் அடைக்கச் சொல்கிறான். அவளை மணக்க இருந்தவன் கிரியானின் மகன் ஹேமோன். நீங்கள் செய்வது தவறு என்று அப்பாவின் முகத்துக்கு நேரே வாதாடுகிறவன். அந்த ஹேமோனாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவர் மேடையேற்றத்துக்கு முன்பே கைதாகி ராபன் தீவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த இளைஞர் ஜான் கானி. பின்னாளில் உலகம் அறிந்த நடிகர், ‘பிளாக் பேந்தர்’ படத்தின் அந்த வயதான அரசர், நாடகத்துக்குள் நுழைந்தது இப்படி ஒரு காலி இடத்தின் வழியாகத்தான்.

நார்மனும் கைதானார். வழக்கு கிராடக் என்ற ஊரில் நடந்தது. அவர் மனைவி மேபல் மகாடா, குழுவின் நடிகை, அங்கே போயிருந்தபோது நியூ பிரைட்டன்காரரான ஒரு முதியவரைப் பார்த்தார். தண்டனை அப்போதுதான் விதிக்கப்பட்டிருந்தது. அவர் தன் கோட்டைக் கழற்றி மேபலிடம் கொடுத்து, இதை என் மனைவியிடம் சேர்த்துவிடு, உபயோகப்படுத்திக்கொள்ளச் சொல் என்றாராம். சாமான் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

குழு அந்தக் கோட்டிலிருந்து ஒரு நாடகத்தை உருவாக்கியது. பெயரும் ‘கோட்’தான். கோட்டை வாங்கிக்கொண்ட மனைவி என்ன செய்வாள்? வாடகை பாக்கிக்கு விற்பாளா, அவர் வரும்வரை வைத்திருப்பாளா? இதை நடிகர்கள் பேசிப் பேசி, செய்து பார்த்து வளர்த்தார்கள். 1966இல் வெள்ளையர் பார்வையாளர்கள் முன் நடித்தபோது ஒரு சிக்கல். சொந்தப் பெயரைச் சொன்னால் ரகசியப் போலீஸுக்கு வேலை மிச்சம். ஆகவே ஒவ்வொருவரும் தாங்கள் முன்பு நடித்த பாத்திரங்களின் பெயரால் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். புஷ்னரின் மேரி, பிரெக்டின் லாவ்ரெந்தி, சோபோக்ளிஸின் ஹேமோன். ஐரோப்பிய நாடகங்கள் இவர்களுக்கு என்னவாகப் பயன்பட்டன என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

இதற்கிடையே ராபன் தீவில் ஒன்று நடந்தது. கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கும் சிறை அது. ஹேமோன் வேடத்தை விட்டுப் போனவர், சிறைவாசிகளின் கலைநிகழ்ச்சி ஒன்றில், ஒத்திகையில் மனதில் தங்கியிருந்ததை வைத்து ‘ஆன்டிகனி’யை இருவர் நடிக்கும் சின்ன நாடகமாகப் போட்டார். வேறொரு சமயத்தில் அதே தீவில் கைதிகள் நடித்த ‘ஆன்டிகனி’யில் கிரியானாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. அதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், ஆணை போடுகிற அரசனாக மண்டேலா!

சிறையிலிருந்து திரும்பி வந்தவர்கள் சொன்னவற்றை வைத்துத்தான் 1973இல் ஃப்யூகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் நிட்ஷோனாவும் ‘தீவு’ நாடகத்தை உருவாக்கினார்கள். நிட்ஷோனா கானியின் பள்ளித்தோழர். சிறை நிலைமைகளைப் பற்றி வெளியே பேசுவதை 1959ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. அதனால் முதலில் பிரதியை எழுத்தில் வைக்கவில்லை. கேப்டவுனில் ஜூலை 2 அன்று அரங்கேறியபோது ராபன் தீவை நினைவுபடுத்தாத வேறு தலைப்பு, ‘ஹொடோஷேயின் அணி’ என்ற பொருளில். ஹொடோஷே என்றால் ஷோசா மொழியில் பிணத்தை மொய்க்கும் ஈ. கைதிகள் ஒரு சிறைக்காவலருக்கு வைத்த பட்டப்பெயர் அது.

நாடகத்தில் இரண்டே கைதிகள். இருவருமாக ‘ஆன்டிகனி’ ஒத்திகை பார்க்கிறார்கள். பெண்வேடம் போட்டால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று ஒருவன் மறுக்கிறான். மற்றவனுக்குத் தண்டனை குறைந்து, மூன்றே மாதத்தில் விடுதலை என்று செய்தி வருகிறது. இவனுக்கோ ஆயுள் தண்டனை. சந்தோஷப்படவும் முடியாமல் பொறாமைப்படவும் முடியாமல் இருவரும் தவிக்கும் அந்தக் காட்சிதான் நாடகத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

இயக்குநரைப் பற்றி ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. ஃப்யூகார்டும் விலை கொடுத்தார். 1967இல் பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள், 1971இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒத்திகை முடிந்ததும் அவர் போனது வெள்ளையர் பகுதியில் இருந்த தன் வீட்டுக்கு. நடிகர்கள் போனது நியூ பிரைட்டனுக்கு, சிலர் சிறைக்கு. கறுப்பினத்தவரின் அடையாளப் புத்தகத்தில் ‘நடிகர்’ என்றொரு தொழிலே கிடையாது. முழுநேர நடிகர்களான பிறகு கானியையும் நிட்ஷோனாவையும் ஃப்யூகார்டின் வீட்டு வேலையாட்களாகப் பதிவு செய்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது. சகபடைப்பாளிகள், காகிதத்தில் டிரைவரும் தோட்டக்காரரும். இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது, அடுத்த நொடியே கூச்சமாகவும் இருக்கிறது. ‘தீவு’ம் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ நாடகமும் அச்சானபோது மூவர் பெயரும் படைப்பாளிகளாக வந்தன என்பது ஓரளவு ஆறுதல்.

1975இல் இந்த இரு நாடகங்களுக்காக இரு நடிகர்களும் நியூயார்க்கில் டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1976இல் டிரான்ஸ்கையில் ‘சிஸ்வே பான்சி’யை நடித்ததற்காக அதே இருவரையும் பிடித்து அடைத்தார்கள். வெளிநாடுகளில் எதிர்ப்பு எழுந்த பிறகுதான் விட்டார்கள். விருது அவர்களை வெளியே கொண்டுவந்தது. விருது வாங்காத முதியவருக்காக எந்த நாட்டில் யார் குரல் கொடுத்தார்கள்?

அந்த முதியவரின் கோட்டை மேபல் வாங்கிக்கொண்டார். ஹேமோனின் வசனங்களை கானி வாங்கிக்கொண்டார். அடிக்கப்பட்ட பெயருக்கு உரியவரோ, மேடை இல்லாத தீவில் தன் பங்குக்கு நாடகத்தைப் போட்டு முடித்தார். இவர்களில் யாரும் சும்மா பதிலி இல்லை. இனி ஏதாவது நாடகத்தின் துண்டறிக்கை கைக்கு வந்தால், அதில் பேனாவால் அடித்த பெயர் இருந்தால், அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் நிச்சயம் கேட்பேன். மஞ்சள் காமாலை என்று பதில் வந்தால் நிம்மதிதான்.