கண்களை மூடவும்

அம்மாச்சியின் முன்னால் ஓர் அட்டையை நீட்டினார் அந்த இளம் மருத்துவர். ‘கண்களை மூடவும்’ என்று அதில் எழுதியிருந்தது. படித்து, அதன்படி செய்ய வேண்டும். அம்மாச்சி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. மீதிப் பேரில் ஒருத்தி அவள்.

முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்க உலகமெங்கும் கையாளப்படும் இந்தக் கேள்வித்தாள் 1975இல் அமெரிக்காவில் வெளியானது. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கியது. மொத்தம் 30 மதிப்பெண். கட்டிலருகே உட்கார்ந்து சில நிமிடங்களில் முடித்துவிடலாம். அந்த மதிப்பெண்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்ல 5. அட்டையைப் படிக்க 1. ஒரு வாக்கியம் எழுத 1. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. பள்ளிக்கூடமே போகாத ஒருத்தி இந்த எட்டையும் தவறவிட்டால், மற்றதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாலும் 22தான். வழக்கமான எல்லைக்கோடு 24. (அம்மாச்சி மார்கழியில் 21 புள்ளிக் கோலத்தை எதையும் பார்க்காமல் இழுப்பவள். பென்சில் பிடித்ததில்லை, அவ்வளவுதான்.)

இந்தக் குறையைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் முதியோரை ஆராய்ந்த மேரி கங்குலியும் குழுவினரும் 1995இல் ஓர் இந்தி வடிவத்தை வெளியிட்டார்கள். அது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. படிக்கும் அட்டையை எடுத்துவிட்டு, சோதிப்பவர் தன் கண்களை மூடிக் காட்டி அதைப் போலவே செய்யச் சொன்னார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

அம்மாச்சியிடம் அப்படிக் கேட்டிருந்தால் சாயங்காலம்வரை சொல்லியிருப்பாள். தாத்தா இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பேச்சு குறைந்து, சாப்பாடு குறைந்து கிடந்தாள். அதையும் யாரும் கேட்கவில்லை. முதுமையில் மனச்சோர்வு பல நேரம் மறதியைப் போலவே தோன்றும் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். மருத்துவர் சீட்டில் ‘மறதி நோய்’ என்று எழுதிக் கொடுத்தார். அன்றிரவே பெரிய மாமா அவள் இடுப்பிலிருந்த பீரோச் சாவியை வாங்கிக்கொண்டார். பால் கணக்கு அத்தையிடம் போனது. அவள் சொன்னது எதையும் அதன்பிறகு யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த வருஷம் வயலை விற்கப் பத்திரத்தில் கைநாட்டு வேண்டியிருந்தது. அன்றைக்கு மட்டும் அவளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.