ஸ்பானிய எதிர்மறை ஏவலும் 'ஒழுங்கற்ற' வினைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

ஸ்பானிய மொழியில் 'சொல்' என்னும் ஒருமை ஏவல் 'தி' என்பதாகும். 'சொல்லாதே' என்பதோ 'நோ திகாஸ்' என அமையும். ஏவலுடன் 'நோ' என்னும் எதிர்மறைச் சொல்லைச் சேர்த்து 'நோ தி' எனல் வழு. பாடநூல்கள் இத்தகைய வினைகளை ஒழுங்கற்றவை என வகைப்படுத்துகின்றன. அவ்வகைப்பாடு மொழிவரலாற்றை மறைத்துவிடுகிறது.

உடன்பாட்டு வடிவம் இலத்தீன் ஏவலாகிய 'தீக்' என்பதன் ஈற்றுமெய் கெட்டுத் தோன்றியது. எதிர்மறை வடிவமோ ஏவலின் வழிவந்ததன்று. விருப்பம், ஐயம் முதலியவற்றை உணர்த்தும் இலத்தீன் வினைப்பாங்கின் நிகழ்கால வடிவமாகிய 'தீக்காஸ்' என்பதன் வழிவந்தது. உயிர்களுக்கு இடையே நின்ற வல்லொலிக் ககரம் ஒலிப்புடையதாகி, அது 'திகாஸ்' ஆயிற்று. ஆகவே, இரண்டும் ஒலிவிதிக்கு உட்பட்டவையே.

'வைக்காதே' எனப் பொருள்படும் 'நோ போங்காஸ்' வேறு வகையினது. அதன் மூலமாகிய 'போனாஸ்' என்பதில் ககரம் இல்லை. பிற வினைகளின் ஒப்புமையால் அது பின்னர்ப் புகுந்தது. 1492இல் அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் காஸ்தீலிய இலக்கணம் வெளிவருமுன்பே இவ்வடிவங்கள் வழக்கில் நிலைபெற்றிருந்தன.

தன்மை ஒருமை வடிவங்களாகிய 'திகோ', 'போங்கோ' என்பவற்றிலும் இதே ககரம் உண்டு. எனவே எதிர்மறை ஏவலைத் தன்மை வினையிலிருந்து கற்பிப்பது எளிதும் வரலாற்றுக்கு இயைந்ததும் ஆகும். ஒழுங்கின்மை எனத் தோன்றுவது, ஒலித்திரிபு, ஒப்புமையாக்கம் என்னும் இரண்டின் எச்சமே.