வெல் திவ்: விளையாட்டரங்கமும் தடுப்பு முகாமும்

பாரிஸில் ஈஃபில் கோபுரத்திற்குச் சற்றுத் தொலைவில், நெலத்தோன் வீதியில், 1959ஆம் ஆண்டு வரை ஒரு பெரிய உள்ளக அரங்கம் இருந்தது. குளிர்கால மிதிவண்டி அரங்கம் என்று பொருள்படும் அதன் பிரெஞ்சுப் பெயரை மக்கள் 'வெல் திவ்' என்று சுருக்கி அழைத்தனர். இன்று அந்தப் பெயர் பிரான்சில் எவருக்கும் விளையாட்டை முதலில் நினைவூட்டுவதில்லை.

'துவர் த பிரான்ஸ்' மிதிவண்டிப் போட்டியை உருவாக்கிய பத்திரிகை ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்சின் முயற்சியால் 1910இல் இது அமைந்தது. 1913 முதல் ஆறு நாட்கள் இரவு பகலாகத் தொடரும் பந்தயங்கள் இங்கு நடந்தன. செல்வந்தர்கள் நடுத்திடலில் அமர்ந்து உணவருந்த, தொழிலாளர்கள் மேல்மாடங்களில் நெருக்கியடித்துப் பார்த்தனர். 1924 ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை, மல்யுத்தப் போட்டிகளும் இங்குதான் நடைபெற்றன. பின்னர் பனித்தளம், சர்க்கஸ், கலை நிகழ்ச்சிகள், அரசியல் கூட்டங்கள் என அதன் பயன்பாடு விரிந்தது.

1942 ஜூலை 16, 17 ஆகிய நாட்களில் பாரிஸிலும் புறநகரிலும் 13,152 யூதர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களில் 4,115 பேர் சிறுவர்கள். உத்தரவுக்குப் பின்னால் ஜெர்மன் நாஜிகள் இருந்தபோதிலும், கதவைத் தட்டியவர்கள் பிரெஞ்சுக் காவல்துறையினர். சிறுவர்களையும் அனுப்பலாம் என்று யோசனை கூறியவர் விஷி அரசின் தலைவர் பியர் லவால். குடும்பங்களாகப் பிடிக்கப்பட்ட எட்டாயிரத்திற்கும் அதிகமானோர், கோடை வெப்பத்தில், போதிய தண்ணீரும் கழிவறையும் இன்றி, பல நாட்கள் இவ்வரங்கில் அடைக்கப்பட்டனர். அங்கிருந்து இடைத்தங்கல் முகாம்களுக்கும், பின்னர் ஆஷ்விட்சுக்கும் அனுப்பப்பட்டனர். மிகச் சிலரே உயிருடன் திரும்பினர்.

இச்சம்பவத்தின் புகைப்படமாக அறியப்படும் ஒன்றில், அரங்கின் வாசலில் நிற்கும் பேருந்துகளே தெரிகின்றன. உள்ளே இருந்த யூதர்களைக் காட்டுவதாக நெடுங்காலம் வெளியிடப்பட்ட வேறொரு படம், 1944இல் பாரிஸ் விடுவிக்கப்பட்டபின் அதே அரங்கில் வைக்கப்பட்ட நாஜி ஆதரவாளர்களுடையது என்று பின்னர் தெரியவந்தது.

போருக்குப் பின் பந்தயங்கள் எவ்விதத் தயக்கமுமின்றி மீண்டும் தொடங்கின. 1958இல், மொரிஸ் பப்போன் பாரிஸ் காவல்துறைத் தலைவராக இருந்தபோது, அல்ஜீரியர்கள் பலர் இங்கு தடுத்து வைக்கப்பட்டனர். ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோ பகுதியிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதில் உடந்தையாக இருந்ததற்காக 1998இல் தண்டிக்கப்பட்டவரும் இதே பப்போன்தான். 1959இல் அரங்கம் இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் பின்னர் உள்துறை அமைச்சின் அலுவலகங்கள் எழுந்தன.

கட்டடம் மறைந்தாலும் பொறுப்பு யாருடையது என்ற வாதம் ஓயவில்லை. விஷி அரசு குடியரசு அல்ல என்பதால் பிரான்ஸ் மன்னிப்புக் கோரத் தேவையில்லை என்பது அதிபர் பிரான்சுவா மித்தரோனின் நிலைப்பாடு. 1995இல்தான் அதிபர் ஜாக் சிராக் அரசின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2017 தேர்தல் பிரசாரத்தில் மரீன் லெ பென் அதை மறுத்துப் பேசியது கடும் கண்டனத்துக்குள்ளானது. அதே ஆண்டு ஜூலையில், கொல்லப்பட்ட சிறுவர்களின் பெயர்களைத் தாங்கிய சுவருடன் ஒரு நினைவுப் பூங்கா நெலத்தோன் வீதியில் திறக்கப்பட்டது.