பாணை நிப்பாட்டினால் பிள்ளை கதைக்குமா?

முல்லைத்தீவில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. பெடியனுக்கு ஐந்து வயது, ஓட்டிசம். அவன் விரும்பிச் சாப்பிடுறதே பாணும் பால்மாவும்தான். "ரெண்டையும் நிப்பாட்டினா கதைப்பான்" என்று யூடியூப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு, தாய் நிப்பாட்டிப்போட்டா. அவன் கதைக்கேல்ல, மெலிஞ்சுதான் போனான். "நான் ஒழுங்காச் செய்யேல்லப் போல" என்று அவ அழுதா. இந்த யோசனை எங்கயிருந்து வந்தது என்று நாங்கள் அதுக்குப் பிறகுதான் தேடினோம்.

தொடக்கம் ஒரு பஞ்சம். 1944-45 குளிர்காலம், ஜெர்மன் படை உணவு வரும் வழியை அடைக்க, நெதர்லாந்தில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். பாண் கிடைக்காத அந்த மாதங்களில், சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். கோதுமையில் முன்னமே சந்தேகம் கொண்டிருந்த குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். ஒரு சாப்பாட்டை விலக்க ஒரு வருத்தம் மாறியது. அது உண்மை.

ஓட்டிசத்தை 1943இல் லியோ கனர் 11 பிள்ளைகளை வைத்து விவரித்தார். பிறகு தாயின் அன்புக் குறைதான் காரணம் என்ற பழி பரவியது. ஓட்டிசப் பிள்ளையின் தகப்பனான பெர்னார்ட் றிம்லன்ட், 1964இல் நூல் எழுதி அதை மறுத்தார்: காரணம் உடலில் இருக்கு. அப்படியெண்டா உடலில் எங்க? 1979இல் யாக் பாங்செப் மூளையின் ஓபியாயிட்டுகளைக் காட்டினார். கோதுமையும் பாலும் செரிக்கும்போது வரும் துணுக்குகளே அப்படி வேலை செய்கின்றன என்று நோர்வேயில் ரைஷெல்ட் வாதிட்டார். யோசனை அடுப்படிக்கு வந்தது இப்படித்தான்.

2008இல் கொக்ரேன் மீளாய்வு தேடியபோது, தகுதியான பரிசோதனைகள் இரண்டே கிடைத்தன. ரெண்டும் சின்னது. ஓட்டிசப் பிள்ளைக்கும் சீலியாக்கோ பால் ஒவ்வாமையோ இருக்கலாம். வயிற்று நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அது மாறினால் குழப்படியும் குறையலாம். ஆனால் அதை வைத்தியர் சோதித்துச் சொல்லவேணும். நாலைந்து சாப்பாடே சாப்பிடுற பிள்ளையிட்ட ரெண்டைப் பறிச்சா மிச்சம் என்ன?

அன்பு போதாது எண்ட பழி போய், சமையல் போதாது எண்ட பழி வந்திருக்கு. சுமக்கிறது அதே தாய்தான். 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணியும் உப்புமான கஞ்சியால பிள்ளைகளின் உயிரைப் பிடிச்சு வைச்ச சனம் நாங்கள். தட்டில இருக்கிறதை எடுக்கச் சொல்லுறவையிட்ட முதல்ல ஆதாரம் கேப்பம்.

அந்தப் பெடியன் இப்ப திரும்பப் பாண் சாப்பிடுறான்.