மூன்று பங்கு முதல், ஒரே வட்டி

கையிலுள்ள பணத்தை இரு கூறாக்கி, ஒன்றை நான்கு வீதத்திலும் மற்றதை ஆறு வீதத்திலும் வட்டிக்கு விட்ட ஒருவரைக் கணக்குப் புத்தகங்களில் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். முழுவதையும் ஆறு வீதத்திலேயே போட்டிருக்கக் கூடாதா என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணமே தரும வட்டி என்கிறது. ஆயினும் வாணிகத்துக்கு ஐந்து, காட்டு வழிச் செல்வோருக்குப் பத்து, கடலோடிகளுக்கு இருபது என்று அதே நூல் இடங்கொடுக்கிறது. கப்பல் கவிழ்ந்தால் முதலும் போயிற்று. அந்த அச்சத்தின் விலையே வட்டியின் ஏற்றம். முழு முதலையும் கடலோடியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கக்கூடியவர் எத்தனை பேர்? பணம் பங்காகப் பிரிந்தது இப்படித்தான் என்று நான் கருதுகிறேன்.

1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் இத்தகைய கணக்கு ஒன்று வருகிறது. நேயர்களாகிய மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 94 நிஷ்கம் மூன்று பங்காக்கப்பட்டது. மாத வட்டி நூற்றுக்கு முறையே 5, 3, 4. முதற் பங்கு 7 மாதத்திலும், இரண்டாவது 10 மாதத்திலும், மூன்றாவது 5 மாதத்திலும் ஒரே அளவு வட்டி ஈட்டின. பங்குகள் எவை?

மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது! கடன் வாங்கியவன் பாடு என்னவாயிற்று என்பதைக் கணக்குச் சொல்லவில்லை.

பங்குகளை ப, ம, ந எனக் கொள்வோம். ஏழு மாதத்தில் முதற் பங்கு நூற்றுக்கு 35 ஈட்டும். மற்றவை 30, 20. ஆகவே 35ப = 30ம; 30ம = 20ந; ப + ம + ந = 94. அறியாத எண்கள் மூன்று, சமன்பாடுகளும் மூன்று. 35, 30, 20 ஆகிய மூன்றும் வகுக்கும் எண் 420. அதனை அவற்றால் வகுத்தால் 12, 14, 21 என்ற விகிதம் கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகை 47. அதன் இரு மடங்கே 94. எனவே பங்குகள் 24, 28, 42. ஒவ்வொன்றும் ஈட்டிய வட்டி 8.4 நிஷ்கம்.

லீலாவதியில் ஆசிரியர் எழுத்துக்களை நாடவில்லை, விகிதத்தாலேயே முடித்துவிடுகிறார். எழுத்துக்கள் அவருடைய பீஜகணிதத்தில் வருகின்றன. அறியாத முதல் எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். அடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்கள். காலகம் கறுப்பு, நீலகம் நீலம். 628-இல் நூல் செய்த பிரம்மகுப்தரிடமே இந்நிற வழக்கு உண்டு. பெயரின் முதலெழுத்தை எழுதி, பெருக்கும் எண்ணை அதன் பின்னே வைப்பார்கள். அம்முறையில் நம் கணக்கில் சமமாகும் மூன்றும் யா 35, கா 30, நீ 20 என்றிருக்கும்.