டேவிஸ்வில்: முதுகின் மேல் ஓடிய ஆறு

நிலவரைபடத்தில் சம உயரக் கோடு ஒரு ஆற்றைக் கடக்கும்போது மேட்டுப் பக்கம் வளைஞ்சா அது பள்ளத்தாக்கு. பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம்தான். ஆனா கலிஃபோர்னியாவில் டேவிஸ் ஊரின் பழைய நிலவரைபடத்தைப் பாருங்க. அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 1900களின் தொடக்கத்தில் வெளியிட்டது. ஊர் பேர் அப்போ டேவிஸ்வில். 5 அடிக்கு ஒரு பழுப்புக் கோடு. பியூட்டா ஓடையை நெருங்கும்போது கோடுகள் கிழக்கே, சரிவுப் பக்கம் பிதுங்குது. அதாவது ஓடை பள்ளத்தில் இல்லை, மேட்டின் முதுகில் ஓடியிருக்கு.

வெள்ளம் கரை மீறும்போது நீரின் வேகம் சட்டுனு குறையும். கனமான வண்டல் கரையோரமே தங்கிடும். நுண்ணிய களிமண் மட்டும் தூரத்துத் தாழ்வு வரை போகும். இப்படியே பல்லாயிரம் ஆண்டு. கரை உயர்ந்தது, நீர் வடியும் நல்ல மண்ணும் சேர்ந்தது. ஜெரோம் டேவிஸின் பண்ணை, 1868இல் வந்த ரயில், அது பிரியும் முக்கோணச் சந்திப்பு, எல்லாம் இந்த முதுகை ஒட்டியே. பல ஊர்கள் போட்டியிட்ட பல்கலைக்கழகப் பண்ணையும் 1906இல் இங்கேதான் முடிவாச்சு. மண்தான் இந்த ஊரின் முதல் சொத்துன்னு எனக்குத் தோணுது.

மண்ணைக் கொடுத்த அதே வெள்ளம் ஊரையும் மிரட்டியது. அதனால 1870களில் ஊரார் தெற்கே புதுக் கால்வாய் வெட்டி ஓடையைத் திருப்பினாங்க. வரைபடத்தில் ரெண்டு நீலக்கோடு தெரிவது அதனால்தான். வடக்கே நெளிவது இயற்கை. தெற்கே உள்ளது மண்வெட்டி வேலை. (வரைபடம் இதைச் சொல்லாது. ரெண்டுக்கும் ஒரே நீலம்தான்.)

வெள்ளம் வராத பழைய தடத்தில் புது வண்டலும் சேராது. 1936இல் பல்கலைக்கழகம் அந்தத் தடத்தின் கரையில் மரத்தோட்டம் போட ஆரம்பிச்சுது. 1957இல் மேலே மான்டிசெல்லோ அணை முடிஞ்சதும் தெற்குத் தடமும் அடங்கியது. தோட்டத்தின் நடுவே இன்று இருப்பது பெரும்பாலும் தேங்கிய நீர், கோடையில் பாசி பிடிக்கும்.

பழைய தாள்களை அந்தத் துறையின் தளத்திலேயே இலவசமா இறக்கலாம். இறக்கினா நீலக்கோட்டை விட்டுட்டு, முதல்ல பழுப்புக் கோடுகளைப் பின்தொடருங்க.